அடைப்புக்குறிக்குள் ‘தனி’: எல். இளையபெருமாள் யாருடைய பிரதிநிதி?

தேர்தல் முடிவுப் பட்டியல்களில் சில தொகுதிகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘தனி’ என்று அச்சிடுகிறார்கள். சிதம்பரம் (தனி). விழுப்புரம் (தனி). கண்டாச்சிபுரத்தில் இருக்கிற எனக்கு 2009 முதல் வாக்குச்சீட்டு வகையில் இந்த அடைப்புக்குறிக்குள்தான் குடியிருப்பு. பேச்சில் இதை ‘ரிசர்வ் தொகுதி’ என்கிறோம். எழுத்தில் ‘தனி’. இந்தத் ‘தனி’ எதைக் குறிக்கிறது? வாக்காளரையா? இல்லை. வாக்காளர் எல்லாச் சாதியும் கலந்த பொது வாக்காளர்தான். நிற்கிறவர் மட்டும்தான் தனி. வாக்காளரும் தனியாக இருக்கவேண்டும் என்று அம்பேத்கர் கேட்டார். 1932 ஆகஸ்டில் அது கிடைத்தது. செப்டம்பர் 24இல் எரவாடா சிறையில் காந்தியின் உண்ணாநோன்பின் முன்னால் அது போயிற்று. பதிலாக மாகாணச் சபைகளில் 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 என்பது 30 ஆயிற்று. எண்ணிக்கை கூடியது, பொருள் மாறியது. ஆனால் தமிழ் அச்சில் ‘தனி’ என்ற சொல் மட்டும் இழந்ததன் எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழந்த ஒன்றின் பெயரையே கிடைத்ததற்கு வைத்துவிட்ட விசித்திரம் இது.

இந்த அடைப்புக்குறிக்குள் வாழ்ந்த ஒருவரின் அரசியல் வாழ்க்கையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். எல். இளையபெருமாள். 1924இல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர், 2005இல் மறைந்தவர். 1952இல் கடலூர், 1957இல் சிதம்பரம், 1962இல் திருக்கோயிலூர் என்று மூன்று முறை தொடர்ந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனவர். 1979-80இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்ற உறுப்பினர். பிறகு காங்கிரசை விட்டு வெளியே வந்து மனித உரிமைக் கட்சி கண்டவர். அவர் திருக்கோயிலூர்க்காரராக இருந்த ஐந்தாண்டுகளில் எங்கள் ஊர் திருக்கோயிலூர் வட்டத்தில் இருந்தது. மானாவாரி மல்லாட்டையும் ஏரிப்பாசன நெல்லும் பாறைக்குன்றுகளும் உள்ள இந்தப் பக்கம் டெல்லிக்கு மட்டுமல்ல, கடலூருக்கே தொலைவுதான். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கலெக்டரைப் பார்க்கவேண்டுமென்றால் கடலூர் போகவேண்டும். 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. (பாருங்கள், இங்கேயும் ஒரு ‘தனி’.)

இளையபெருமாளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது. ஒன்று, தொண்ணூறுகளின் தலித் அரசியல் எழுச்சியில் கிளம்பியது: அவர் காங்கிரஸ்காரர், ‘அரிசன’ அரசியலின் மிச்சம், பூனா ஒப்பந்தத்தின் பயனாளி. இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள். இரண்டாவது, அண்மைக் காலத்தில் நூற்றாண்டையொட்டிக் கிளம்பியது: அவர் போராளி, பெரியவர், மாமனிதர். இரண்டிலும் அவர் என்ன செய்தார் என்பது காணாமல் போகிறது. முதல் பேச்சு அவரைக் கட்சியோடு கரைத்துவிடுகிறது. இரண்டாவது அவரைச் சிலையாக்கிவிடுகிறது.

இரண்டாவது பேச்சில் தவறாமல் வருகிற ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள், சிறுவன் இளையபெருமாள் அதை உடைத்தான், மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தான். நல்ல கதை. அவரே நினைவுகூர்ந்தது. சொல்லக் கேட்கிற பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பானை உடைத்த பையனை மட்டும் கொண்டாடிவிட்டு, நாற்பது வயதில் அதே பானைகளை மாநிலம் மாநிலமாகப் போய் எண்ணி எழுதிய மனிதரை விட்டுவிடுகிறோமே, அதுதான் பிரச்சினை. உடைத்ததற்கு அவருக்குச் சில நிமிடம் ஆகியிருக்கும். எண்ணியதற்கு நான்கு ஆண்டுகள் ஆயிற்று.

அதற்கு முன்னால் 1952ஐப் பார்த்துவிடுவோம். அப்போது பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதி, ஒரே வாக்காளர்கள், ஆளுக்கு இரண்டு வாக்கு, ஜெயிக்கிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தாழ்த்தப்பட்டவராக இருக்கவேண்டும். கடலூரில் ஜெயித்த இருவரில் ஒருவர் உழைப்பாளர் கட்சியின் என்.டி. கோவிந்தசாமி கச்சிராயர். மற்றவர் காங்கிரசின் இளையபெருமாள், வயது இருபத்தேழு. அந்தத் தேர்தலில் தென்னார்க்காட்டிலும் வடார்க்காட்டிலும் வன்னியர் கட்சிகள் இரண்டும் காங்கிரசை ஆட்டிவைத்திருந்தன. அதே வாக்காளர் ஒரு கையால் உழைப்பாளர் கட்சிக்கும் மறு கையால் காங்கிரஸ் தலித்துக்கும் குத்தியிருக்கிறார் என்றால், ‘பிரதிநிதி’ என்ற சொல் எவ்வளவு குழப்பமானது என்பது புரியும்.

அதே 1952இல் பம்பாய் வடக்கில், இதேபோன்ற இரட்டை உறுப்பினர் தொகுதியில், அம்பேத்கர் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் காங்கிரசின் தலித் வேட்பாளர். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் மக்களின் நேரடி வாக்கில் மக்களவைக்குள் நுழைய முடியவில்லை. காட்டுமன்னார்கோயில் இளைஞர் நுழைந்தார். இந்த ஒப்பீட்டை இளையபெருமாளுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. இது ஏற்பாட்டின் மீதான குற்றப்பத்திரிகை. பொது வாக்காளர் சம்மதிக்கிற தலித்தைத்தான் அந்த ஏற்பாடு உள்ளே விடும். அது யாரை வடிகட்டுகிறது என்பதற்கு பம்பாய் உதாரணம். வடிகட்டியையும் மீறி உள்ளே போனவர் அங்கே என்ன செய்ய முடியும் என்பதற்குத்தான் கடலூர் உதாரணம்.

இரட்டை உறுப்பினர் முறை ஏன் போயிற்று என்பதும் சுவையான கதை. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் வி.வி. கிரி நின்றார், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர். அது பழங்குடியினருக்கு ஓரிடம் ஒதுக்கிய இரட்டைத் தொகுதி. பழங்குடி வேட்பாளர்கள் இருவரும் கிரியைவிடக் கூடுதல் வாக்கு வாங்கிவிட்டார்கள். ஒதுக்கிய இடம் ஒருவருக்கு, பொது இடமும் இன்னொரு பழங்குடிக்கே. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959இல் அங்கேயும் தோற்றார். பொது என்றால் எல்லாருக்கும் பொதுதானே என்றது தீர்ப்பின் சாரம். 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். நிர்வாகச் சிரமம், தொகுதியின் பரப்பு என்று காரணங்கள் சொல்லலாம், அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விளைவு என்ன? ‘பொது’ என்பது நடைமுறையில் சாதி இந்துக்களுக்கு என்றும், ‘தனி’ என்பது மற்றவர்களுக்கு என்றும் கோடு கிழிக்கப்பட்டது. ஊரும் சேரியும் வரைபடத்திலும் வந்துவிட்டன.

இந்தக் கோட்டுக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில்தான், 1962இல், இளையபெருமாள் திருக்கோயிலூருக்கு வருகிறார். எங்கள் பக்கத்துக் காலனியில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பெரியவரிடம் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். “எம்.பி.ய நாங்க எங்க தம்பி பாத்தோம். ரெட்டக் காளையில குத்துங்கடான்னு ஆண்டை சொன்னாரு, குத்திட்டு வந்தோம். ஜெயிச்சது நம்ம ஆளுன்னு அப்பறம்தான் சொன்னாங்க” என்றார். பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த மூன்று வாக்கியங்களுக்கு ஈடாகாது. தன் சாதிக்காரருக்குத்தான் வாக்களித்தோம் என்பதே தெரியாமல் ஆண்டையின் சொல்லுக்காக வாக்களித்திருக்கிறார். அவருடைய பிரதிநிதி யார், இளையபெருமாளா, ஆண்டையா?

காயத்ரி ஸ்பிவாக் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மார்க்ஸின் ‘பதினெட்டாம் புரூமேர்’ நூலை வைத்துக்கொண்டு, பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் கிடப்பதைக் காட்டியிருப்பார். ஒருவருக்குப் பதிலாகப் போய் நிற்பது ஒன்று. ஒருவரை எழுத்தில், படத்தில் எடுத்துக்காட்டுவது இன்னொன்று. தமிழில் நமக்கு ஒரு வசதி, ‘பிரதிநிதி’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பிரதி’ இருக்கிறது. இளையபெருமாள் முதல் பொருளில் எங்களுக்குப் பிரதிநிதியாக இருந்தாரா என்பது சந்தேகம்தான். பெரியவர் சொன்னதுதான் அதற்குச் சாட்சி. ஆனால் இரண்டாவது பொருளில் அவர் செய்தது, அந்தக் காலத்து ‘தனி’ உறுப்பினர்களில் யாரோடும் ஒப்பிடத் தயங்கவைப்பது. அவர் ஒரு பிரதியை உண்டாக்கினார்.

1965இல் மத்திய அரசு, தீண்டாமை பற்றியும் தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி பற்றியும் ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் இளையபெருமாள். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து பத்தாண்டு முடிந்திருந்தது. குழு பல மாநிலங்களுக்கும் போய்ச் சாட்சியம் கேட்டது. 1969இல் அறிக்கை வந்தது. அந்த இடைவெளியில் நாட்டில் நடந்தவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1968 தொடக்கத்தில் ஆந்திராவின் கஞ்சிகச்சர்லாவில் ஒரு தலித் இளைஞரைத் திருட்டுப் பட்டம் கட்டி உயிரோடு எரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர். தீண்டாமை என்பது மனம் திருந்தினால் போய்விடும் ஒரு சமூகக் குறைபாடு என்ற காந்தியச் சொல்லாடல் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த அறிக்கை எழுதப்பட்டது.

அரசு அறிக்கைகளை நாம் இலக்கியமாக வாசிப்பதில்லை. அது நியாயம்தான், அந்த நடை அப்படி. ‘அரிசனங்கள்’ என்றே பேசுகிறது, பரிந்துரை பரிந்துரையாகப் போகிறது, புள்ளிவிவரம், பின்னிணைப்பு. ஆனால் அந்த நடைக்கு உள்ளே, கிணறு, தேநீர்க் கடை, கோயில், பள்ளிக்கூடம், முடிதிருத்தகம் என்று ஒவ்வொரு இடமாகத் தீண்டாமை எங்கே எந்த உருவில் இருக்கிறது என்பதைச் சுதந்திர இந்திய அரசின் முத்திரையோடு எழுதிவைத்த முதல் பெரிய பதிவு அது. அதற்கு முன்பு அரசைப் பொறுத்தவரை தீண்டாமை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஒன்று. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. ஒழிக்கப்பட்ட ஒன்று இருக்கிறது என்று அரசின் வாயாலேயே சொல்லவைத்ததுதான் அந்தப் பிரதியின் அரசியல். தலித் எழுத்தின் வரலாற்றைத் தன்வரலாறு, கவிதை, சிறுகதை என்று மட்டும் வரிசைப்படுத்துகிற நம் இலக்கிய விமர்சனம், மனுக்களையும் வாக்குமூலங்களையும் இப்படிப்பட்ட அறிக்கைகளையும் எங்கே வைக்கப்போகிறது? 1990களில் அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் தோண்டி எடுத்தோம். அது பெரிய காரியம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாவி நேராக அம்பேத்கர் நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம். நடுவில் சகஜானந்தர், சிவராஜ், கக்கன், இளையபெருமாள் என்று ஒரு நீண்ட காலம் கிடக்கிறது. அவர்களில் பலர் காங்கிரஸ்காரர்கள் என்பதால் நமக்குக் கூச்சம். கூச்சத்தை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது.

அந்த அறிக்கையின் ஒரு பரிந்துரையை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்கலாம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவேண்டும். தகுதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயிற்சி முடித்த எவரும், எந்தச் சாதியாராக இருந்தாலும், அர்ச்சகராக வழி இருக்கவேண்டும் என்றது குழு. இது எங்கிருந்து வந்தது? 1936இல் அம்பேத்கர் எழுதி, பேச அனுமதிக்கப்படாமல் தானே அச்சிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், பரம்பரைப் பூசாரி முறை போகவேண்டும், அரசு தேர்வு வைத்துச் சான்று கொடுக்கவேண்டும், யாரும் தேர்வு எழுதலாம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காங்கிரஸ்காரர் என்று நாம் ஒதுக்கிவைத்தவர், காங்கிரஸ் அரசு போட்ட குழுவின் அறிக்கைக்குள், அம்பேத்கரின் திட்டத்தை மேற்கோள்குறி இல்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். மதம் மாறுவதற்கு முந்தைய அம்பேத்கர்தான் அது, 1956க்குப் பிந்தையவர் அல்லர் என்ற விமர்சனம் சரியானதே. இந்து மதத்துக்குள்ளேயே நின்று சீர்திருத்தம் பேசுகிற எல்லை இளையபெருமாளுக்குக் கடைசிவரை இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்த கதை, ஆனால் அரைகுறையாகத் தெரிந்த கதை. தி.மு.க. அரசு 1970 டிசம்பரில் அறநிலையத்துறைச் சட்டத்தைத் திருத்தி, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது. பெரியாரின் போராட்ட அறிவிப்பும் கலைஞரின் சட்டமும் என்று இதைத் திராவிட இயக்க வரலாறு சொல்கிறது, தவறில்லை. ஆனால் அந்தச் சட்டத்திருத்தத்தின் நோக்கக் காரண விளக்கவுரையில், அரசே ஆதாரமாகக் காட்டியது 1969ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரையைத்தான். சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியபோதும் அது இடம்பெற்றிருக்கிறது. நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, கூடவே ஆகமத்தைக் காவலுக்கு நிறுத்தியது. 2021 ஆகஸ்ட் 14இல் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களுக்குப் பணி ஆணை கொடுத்தபோது மேடைகளில் எத்தனையோ பெயர்கள் ஒலித்தன. எங்கள் பக்கத்து எம்.பி. பெயரை நான் கேட்ட எந்த மேடையிலும் சொல்லவில்லை.

இரண்டாவது தடம் சட்டத்தில். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. குறைந்தபட்சத் தண்டனை வந்தது. ‘ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க’ என்று சமரசம் செய்துகொள்ளும் வழி அடைபட்டது. ஊரே சேர்ந்து செய்தால் ஊருக்கே கூட்டு அபராதம் போடலாம் என்றாயிற்று. அறிக்கை சும்மா கிடந்திருந்தால் இவை வந்திருக்காது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த வரிசையில் அடுத்த படி. இதற்கு நடுவில்தான் 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சட்டம் எழுதியதால் கொலை நிற்கவில்லை. சட்டம் எழுதாமலிருந்தால் அதைக் கொலை என்று சொல்லவே வழி இருந்திருக்காது, ‘கலவரம்’ என்று முடிந்திருக்கும். இன்றும் பலர் அதை விழுப்புரம் கலவரம் என்றுதான் சொல்கிறார்கள்.

எண்பதுகளின் இறுதியில் அவர் தனிக்கட்சி கண்டதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தேர்தல் கணக்கில் அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் பெயரைக் கவனியுங்கள். 1987 சாலை மறியலும் துப்பாக்கிச் சூடும், குடிசை எரிப்பும் நடந்து முடிந்திருந்த வட மாவட்டங்களில், எல்லாரும் சாதியின் பெயரால் அணிதிரண்டுகொண்டிருந்தபோது, அவர் கட்சிக்கு வைத்த பெயர் ‘மனித உரிமை’. நான்கு ஆண்டு சாட்சியம் கேட்டவர் வைக்கக்கூடிய பெயர்.

2025 ஜனவரியில் விழுப்புரத்தில் ஏ. கோவிந்தசாமிக்கும், 1987இல் உயிரிழந்த 21 பேருக்கும் நினைவு மண்டபங்களை முதலமைச்சர் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜூலையில் சிதம்பரத்தில் இளையபெருமாளுக்கு நூற்றாண்டு நினைவரங்கம். கட்டியது தவறென்று சொல்லமாட்டேன். ஏ.கோ.வும் சாதாரணமானவரல்லர், அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்தவர், முகையூர் தொகுதியின் உறுப்பினர். ஆனால் இந்த மண்டபங்களைப் பகிர்ந்தளித்த முறையில் பழைய இரட்டைத் தொகுதியின் வாசனை அடிக்கிறது. இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. நினைவையும் அடைப்புக்குறி போட்டு ஒதுக்கீடு செய்தாயிற்று. கோவிந்தசாமி மண்டபத்துக்குக் காலனிப் பிள்ளைகள் போகமாட்டார்கள், இளையபெருமாள் அரங்கத்துக்கு ஊர்த்தெருப் பிள்ளைகள் போகமாட்டார்கள் என்ற எழுதாத ஏற்பாட்டின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன.

தேர்தல் களத்தில் மாற்றம் வராமலில்லை. அதே சிதம்பரத்தில் 2019இல் திருமாவளவன் சொந்தச் சின்னத்தில் 3,219 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சின்னம் பானை! (பள்ளிக்கூடத்துப் பானையை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.) 2024இல் எங்கள் விழுப்புரத்திலும் பானைதான் ஜெயித்தது. ‘ஆண்டை சொன்னாரு’ என்ற பெரியவரின் காலத்துக்கும் இதற்கும் தூரம் உண்டு. ஆனாலும் கூட்டணி இல்லாமல் அந்தப் பானை பொது வாக்காளரின் தெருவுக்குள் போகுமா என்ற கேள்வி, பெரிய கட்சிகளின் வாசலில் இடப்பங்கீட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் எழத்தான் செய்கிறது.

அறிக்கைக்கே திரும்புகிறேன், இதைப் படிப்பவர்களில் பலர் களத்தில் வேலை செய்பவர்கள் என்பதால். 1976 திருத்தத்தில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: தீண்டாமைக் குற்றத்தை விசாரிக்கவேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமையைப் புறக்கணித்தால் அவரும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை. வன்கொடுமைச் சட்டத்தில் இது 4ஆம் பிரிவாக, தனிக் குற்றமாக வளர்ந்திருக்கிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. எங்கள் பக்கம் புகார் எழுதித்தரும்போது எல்லாரும் 3ஆம் பிரிவின் உட்பிரிவுகளைத் தேடித் தேடி எழுதுகிறோம். 4ஐ எழுதுவதில்லை. ஒருமுறை எழுதினேன். புகாரை வாங்கிய ஏட்டய்யா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, “மத்ததெல்லாம் இருக்கட்டும் சார், இது எதுக்கு? இத அடிச்சிட்டுக் குடுங்க” என்றார். அடிக்கவில்லை. ரசீது கிடைக்க ராத்திரி ஒன்பதரை ஆயிற்று.